வெளுத்துப்போன நீல வட்டம்

என் வீட்டுக்காரரை 'பாலிஷ்' என்று சொன்னால்தான் தொழில்காரர்களுக்குத் தெரியும். பதினெட்டு வருடம் ஸ்டுடியோவில் கல்யாணப் படங்களுக்கு மெருகேற்றியவர். மாப்பிள்ளையின் தொப்பையைக் கரைப்பார், அத்தைமார்களின் கண்ணுக்குக் கீழேயுள்ள கருவளையத்தை அழிப்பார். "என் கை பட்ட இடத்தை எவனாவது காட்டட்டும், மீசையை எடுத்துடறேன்" என்று சவால் வேறு. மீசைக்கு ஒருநாளும் ஆபத்து வந்ததில்லை.

ஸ்டுடியோவை மூடியதும், பழைய டிராக்டர், கலப்பை, புல் வெட்டும் இயந்திரமெல்லாம் விற்கும் கிடங்கொன்றில் படம் எடுக்கப் போனார். வெளியூர்க்காரர்கள் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அவர் வீட்டில் உட்கார்ந்து படத்தைத் திருத்த, கீழே வரவேண்டிய விவரத்தை நான் தட்டச்சு செய்வேன். "நிம்மதியான வேலைம்மா. ஏன் என்னைக் கறுப்பா காட்டினேன்னு இரும்பு சண்டைக்கு வராது" என்பார்.

கிடங்கு மெக்கானிக் முதல் நாளே ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தார். "வெள்ளை சாக்பீஸ்ல எழுதியிருக்கிறது என் கணக்குக்குப் போட்ட நம்பர், அழிச்சுக்கோங்க. நீல சாக்பீஸ்ல வட்டம் போட்டிருந்தா அந்த இடத்துல கோளாறு. அதுல மட்டும் கை வைக்காதீங்க சார். வாங்குறவங்க கண்ணுல அது படணும்."

அன்று காலை பத்து மணியிருக்கும். புதிதாக எடுத்த ஒரு கலப்பைப் படம் திரையில் இருந்தது. நிழலில் எடுக்கும் படங்களில் நீலம் ஏறியிருக்கும். அதை இறக்குவதுதான் அவருடைய முதல் வேலை. இறக்கினார். கலப்பையின் மேலிருந்த நீல வட்டம் எங்கள் கண்ணெதிரே வெளுத்து, சுத்த வெள்ளையானது. அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"போன வாரம் அந்தப் பச்சை டிராக்டர்ல ஒரு வெள்ளைக் கிறுக்கலை அழிச்சேனே" என்றார். 

திருத்தாத படத்தைத் திறந்தோம். பின்பக்கம், டிரெய்லரை மாட்டும் கொக்கியில் நீல வட்டம். வட்டத்துக்குள் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். பக்கத்து இரும்பை நகலெடுத்து, வட்டத்தையும் விரிசலையும் சேர்த்தே மூடியிருந்தார் மனுஷர். இடையில் பெய்த மழையில் அசல் சாக்பீஸும் கரைந்திருக்கும். வண்டியை நேற்றுதான் லாரியில் ஏற்றி ஒரு பால்பண்ணைக்கார அம்மாவுக்கு அனுப்பியிருந்தார்கள். நாளைக்கே வைக்கோல் ஏற்ற வேண்டும் என்று அந்த அம்மா அவசரப்படுத்தி வாங்கியது. நாளை என்றால் இன்று.

கிடங்கு மெக்கானிக்கிடம் விஷயத்தைச் சொல்லி, நம்பரும் விலாசமும் வாங்கி, அந்த அம்மாவுக்குப் போன் போட்டோம். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தோம். ஸ்கூட்டரை நானே ஓட்டினேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அழகு பார்க்க இதென்ன கல்யாணப் பெண்ணா என்று கத்தத் தோன்றியது. ஆனால் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்திருந்தவரின் விரல்கள் சில்லிட்டிருந்தன. வண்டியை இன்னும் முடுக்கினேன்.

பண்ணை ஒரு மேட்டில் இருந்தது. வாசலிலிருந்து செங்குத்தான சரிவு, சரிவு முடியும் இடத்தில் பள்ளிக்கூடம். பாரம் ஏற்றிய டிரெய்லர் கழன்று அந்தச் சரிவில் உருண்டால்? அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தெம்பில்லை.

மேலே ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது வைக்கோல் நிரம்பிய டிரெய்லர். சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். டிராக்டர் தள்ளி நின்றது. அதன் அடியிலிருந்து கையெல்லாம் கிரீஸோடு அந்த அம்மா வெளியே வந்தார். கழற்றிய கொக்கி தரையில் கிடந்தது.

"போன் அடிச்சது நீங்கதானா? இந்தக் கையோட எப்படி எடுக்கிறது?" என்றவர், விஷயத்தைச் சொன்னதும் இடுப்பில் கை வைத்தார். "அந்தப் படத்தைத் திருத்தினது நீங்களா சார்? நேத்து ராத்திரி பெருசு பண்ணிப் பார்த்தேன். ஒரே கீறல் பக்கத்துப் பக்கத்துல ரெண்டு தடவை இருக்கு, அச்சு அசலா. எந்த இரும்புல சார் அப்படி விழும்? எதையோ மறைச்சிருக்காங்கன்னு கழட்டிப் பார்த்தேன். விரிசல்!"

என் வீட்டுக்காரர் அந்த வைக்கோல் பாரத்தின் மேல் சாய்ந்து ஓவென்று அழுதார். அந்த அம்மா திட்டுவதற்குத் தயாராக இருந்தார் என்று நினைக்கிறேன். அவர் அழுவதைப் பார்த்ததும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.  மாற்றுக் கொக்கியோடு மெக்கானிக் மதியமே வந்து சேர்ந்தார்.

 திரும்பும் வழியில் அவர் என் காதருகே, "என் கைவேலை அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?" என்று கேட்டார்.

"படு மோசம்" என்றேன்.

"நல்லவேளை" என்றார்.

மறுநாள் காலை காப்பி கொடுக்கப் போனேன். கணினி முன்னால் மீசையில்லாமல் உட்கார்ந்து, அந்தக் கலப்பையின் வட்டத்துக்கு நீலத்தைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தார்.