குத்துவிளக்கு இல்லை, என் கார்

வெயிலில் கொதிக்கும் தகரத்தின் மேல் ஈரச் சாம்பல் காயும்போது ஒரு வாடை வரும்... அதோடு தேங்காய் நார் வட்டம் வட்டமாகச் சுற்றும் சர்... சர்... என்ற சத்தம். இருபத்தைந்து வருடம் ஆகப்போகிறது. இன்னும் பல்லைக் கடிக்க வைக்கிறது.

பெடாஸ் பக்கத்து எஸ்டேட்டில், எங்கள் லயத்து வீட்டுக்கு முன்னால் நின்றது என் முதல் கார். கறுப்பு. இன்னொருவர் ஓட்டிய பழைய கார்தான். ஆனால் படிப்பை முடித்து, செரம்பானில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, நானே வாங்கியது.

அதன் மேல் செம்மண் தூசு படிந்திருந்தால் காய்ந்த துணியைத் தொட விடமாட்டேன். முதலில் தண்ணீர். பிறகுதான் துணி. எதிர்வீட்டு அக்கா நின்று சிரிப்பார்.

"காரு கழுவுறியா, புள்ளய குளிப்பாட்டுறியா லா?"

சிரிக்கட்டும். கறுப்புக் காரில் வானம் தெரியும். எனக்கு அது போதும்.

அந்த வாரம் வேலையிடத்தில் என்னைக் கோலாலம்பூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். காரை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போனேன். சனிக்கிழமை மாமா மகள் கலாவுக்குக் கல்யாணம். லீவு கிடைக்கவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர், கோயிலில் தலைவர். வெள்ளிக்கிழமைதோறும் கோயில் குத்துவிளக்குகளைச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு அவர்தான் துலக்குவார். வேறு யாரையும் தொட விடமாட்டார். அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டுக்கும் அவர்தான் தலைவர், அவர் கணக்கில்.

ஞாயிறு மதியம் திரும்பி வந்தேன். என் காரின் முன்மூடியில் வாடிய பூக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. மாமா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, விளக்கு துலக்கும் அதே நாரால், அதே சாம்பலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா மாமா செய்யுறீங்க?"

"வாங்க டிகிரி! பூ கட்டுன கம்பி லேசா கீறிருச்சி. கோயில் வெளக்கே இதுல பளபளன்னு வருது, இந்தத் தகரத்துக்கு வராதா?"

கம்பி போட்ட கீறல் நாலோ ஐந்தோ இருந்திருக்கும். நகத்தில்கூடச் சிக்காத கீறல்கள். மாமா தேய்த்த இடத்தில் இப்போது ஆயிரம் வளையங்கள்... சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல். வானம் தெரியவில்லை. வெறும் சாம்பல் மூட்டம்.

"யாரக் கேட்டு எடுத்தீங்க?"

லயமே வாசலில் நின்று பார்த்தது. மாமா நாரைக் கீழே போட்டுவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டியா அக்கா? பொட்டப்புள்ள காரு ஓட்டுதுன்னு எஸ்டேட்டே பேசுது, நான் வாய அடைச்சிக்கிட்டு இருக்கேன். எனக்கு இது வேணும்!"

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "மாமாகிட்ட இப்படியா பேசுவ? மன்னிப்புக் கேளு."

கேட்டேன்.

ஆம், நான்தான் கேட்டேன். அத்தனை பேர் முன்னால், என் கார் பக்கத்தில் நின்றுகொண்டு. படித்த பிள்ளை, பொறுத்துப் போகும் என்றார்கள். படித்ததன் பலன் அதுதான் போலிருக்கிறது.

மறுவாரம் அம்பாங்கானில் காருக்குச் சாயம் அடிக்கும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் குழல் விளக்கைக் காரின் அருகே பிடித்துப் பார்த்தார்.

"சாயத்துக்கு ஒன்னும் ஆவல தங்கச்சி. மேல கண்ணாடி மாதிரி கிளியர் கோட் இருக்கு பாருங்க, அதுலதான் கீறல். பாலிஷ் போட்டா போயிரும்."

"கீறல் அழிஞ்சிருமா?"

"கீறல எங்க அழிக்கிறது? சுத்தி இருக்கிறத அந்த ஆழத்துக்கு எறக்கணும். ரொம்ப எறக்குனா மேல ஒன்னும் இருக்காது."

இயந்திரத்தை வைத்து, சிறு சிறு கட்டமாக, ஒரு நாள் முழுக்கத் தேய்த்தார். இரண்டு ஆழமான கீறல்களை மட்டும் விட்டுவிட்டார். அவற்றைத் தொட்டால் சாயமே போய்விடும் என்றார். அந்தக் காரை விற்கும் நாள் வரைக்கும் அவை இருந்தன.

இப்போது பாரோயில் இருக்கிறேன். அம்மா என்னோடுதான். காரும் கறுப்புதான். பாலிஷ் இயந்திரம் சொந்தமாக வைத்திருக்கிறேன். யார் கையிலும் கொடுப்பதில்லை.

போன ஞாயிறு காலை முன்வாசலில் காருக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கலா தன் கல்யாணப் படத்தைப் போட்டாள். பூ அலங்காரத்தோடு என் கார், முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாமா. 'அந்தக் காலத்துலேயே எங்க அப்பா வாங்குன காரு' என்று எழுதியிருந்தாள். கீழே வரிசையாக இதயங்கள். அம்மாவும் ஒன்று போட்டிருந்தார்.

இயந்திரத்தை அணைத்துவிட்டு எழுதினேன்: 'அது என் கார். என்னைக் கேட்காமல் எடுத்தார்.'

அம்மா உள்ளேயிருந்து கைபேசியோடு வந்தார்.

"அத அழிச்சிரு லா. மாமாவுக்கு ஒடம்பு முடியல."

"பொய்யா எழுதுனேன்?"

அம்மா கைபேசியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அவன் எடுக்கல. நான்தான் குடுத்தேன். தம்பி மவ கல்யாணம், எப்படி இல்லேன்னு சொல்றது? ஒன்னக் கேட்டா நீ குடுக்க மாட்ட."

கொடுத்திருக்க மாட்டேன். அது உண்மை.

இத்தனை வருடக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை... அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. வாசல்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அந்தக் காலத்து நான் என்றால் அவர் முகத்தைப் பார்த்து உடனே அழித்திருப்பேன். கூடவே மன்னிப்பும் கேட்டிருப்பேன்.

கைபேசியை எடுத்தேன். 'எடுத்தார்' என்பதை 'கொடுத்தார்கள்' என்று திருத்தினேன்.

'என்னைக் கேட்காமல்' என்பதை அப்படியே விட்டுவிட்டேன்.