இரண்டு கிலோபைட் கூடுதல்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் தராசு. முகத்துக்கு நேரே தராசக்கா. சாஃப்ட்வேர் சோதிக்கும் வேலைக்கு வருமுன் எட்டு வருடம் ஒரு கூரியர் கிடங்கில் பார்சல் வாங்கியவர். சீட்டில் எழுதிய எடையும் தராசு காட்டும் எடையும் ஒத்துப்போனால்தான் அங்கே பார்சல் உள்ளே போகும். கணவர் இன்னும் அங்கே வேன் ஓட்டுகிறார். மகளைப் பள்ளியில் விட்டபின் கிடைத்த காலை நேரங்களில் ஒரு பயிற்சி நிலையத்தில் படித்து, முப்பத்தைந்தாவது வயதில் எங்களிடம் ஒப்பந்த ஊழியராகச் சேர்ந்தார்.

பழைய பழக்கமும் கூடவே வந்துவிட்டது. நாங்கள் மருத்துவமனைகளுக்கு மருந்துச் சீட்டு எழுதும் சாஃப்ட்வேர் செய்கிறோம். எல்லாவற்றையும் நாங்களே எழுதுவதில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று முகம் தெரியாத பலர் எழுதி இணையத்தில் வைத்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் பேக்கேஜ்கள் நூற்றுக்கு மேல் அதில் இருக்கின்றன. ஒரு பேக்கேஜின் புதுப் பதிப்பு வந்தால், அதன் மூலநிரலை எடுத்து அக்கா தானே மூட்டை கட்டுவார். பிறகு, இணையத்தில் கட்டி வைத்திருக்கும் மூட்டையின் அளவோடு ஒப்பிட்டு நீல நோட்டில் குறிப்பார். "வெங்காயமாக்கா, நிறுத்துப் பாக்க?" என்று கேலி செய்தவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் குழுவின் தலைவரான லீட் மட்டும் சிரிக்கவில்லை. புதுப் பதிப்பை மருத்துவமனைகளுக்கு அனுப்பும் ரிலீஸ் அக்காவால் தாமதமாகிறது என்று மேலே எழுதியிருந்தார். மாதக் கடைசியில் அக்காவின் ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிக்க மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ரிலீஸ். ஒன்பதே முக்காலுக்கு அக்கா என் மேசைக்கு வந்தார். தேதிகளை வரிசைப்படுத்தும் ஒரு சின்ன பேக்கேஜ். இணையத்தில் இருக்கும் அதன் புது மூட்டை, தான் கட்டியதைவிட இரண்டு கிலோபைட் கூடுதலாக இருக்கிறது என்றார். அதற்கு ஒப்புதல் தந்திருந்தவன் நான். வரி வரியாகப் படித்துத்தான் தந்தேன் என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். என் ஒப்புதலை யாராவது கேள்வி கேட்டால், பட்டத்தையே பிடுங்க வருவதுபோலச் சுருக்கென்று படும். ஏன் அப்படி என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

"எதைப் படிச்சே தம்பி? மூலநிரல் வச்சிருக்கிற பக்கத்தையா, கட்டின மூட்டையைப் பிரிச்சா?"

பக்கத்தைத்தான் படித்திருந்தேன். எல்லோரும் அதைத்தான் படிப்போம். ஆனால் கணினிக்குள் இறங்குவது மூட்டை. இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் எங்களுக்குச் சத்தியம் செய்து கொடுக்கவில்லை.

அக்கா நேரே லீடிடம் போய் ரிலீஸை நிறுத்தச் சொன்னார். காரணம் கேட்டதற்கு எடை என்றார். லீட் குரலை உயர்த்தவில்லை. நாற்பது மருத்துவமனைகள் காத்திருக்கின்றன, பதினொன்றுக்குள் ஆதாரம் வேண்டும், இல்லாவிட்டால் அக்கா மாதக் கடைசிவரைகூட வர வேண்டியதில்லை என்றார்.

இணைய இணைப்பில்லாத ஒரு பழைய கணினியில் மூட்டையைப் பிரித்தோம். இருபது கோப்புகள். பத்தொன்பது மூலநிரலோடு அச்சு அசலாக ஒத்துப்போயின. இருபதாவதில் ஒரு வரி வேறு என்றது கணினி. திரையிலோ இரண்டு வரிகளும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. மணி பத்து நாற்பது. லீட் எட்டிப் பார்த்தார். வரியின் கடைசியில் யாரோ இடைவெளி விசையை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள் என்றார்.

"வெறும் காத்து இது. விட்டுடுங்க."

"காத்துதான் சார். முடியிற வரைக்கும் பாத்துட்டு விட்டுடறேன்."

அக்கா வலப்பக்க அம்புக்குறி விசையில் விரலை வைத்தார், எடுக்கவில்லை. திரை நகர்ந்தது. வெற்றிடம். இன்னும் வெற்றிடம். லீட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது வலது ஓரத்திலிருந்து எழுத்துகள் வரத் தொடங்கின. நான் குனிந்து படித்தேன். பேக்கேஜை நிறுவிய மறுகணமே கணினியில் இருக்கும் கடவுச்சொற்களைத் தேடி எடுத்து, ஏதோ ஒரு முகவரிக்கு அனுப்பும் நிரல் அது. யார் திரையிலும் தெரியாதபடி அத்தனை தூரம் தள்ளி ஒளித்து வைத்திருந்தார்கள்.

லீட் நின்றபடியே ரிலீஸை ரத்து செய்தார்.

பேக்கேஜ்களை இணையத்தில் சேர்த்து வைத்திருக்கும் களஞ்சியத்தைப் பராமரிப்பவர்களுக்கு நான் கடிதம் எழுத, அக்கா நீல நோட்டின் பக்கத்தைப் படமெடுத்து இணைத்தார். மதியம் இரண்டு மணிக்குள் அந்தப் பதிப்பை நீக்கிவிட்டார்கள். அதற்குள் ஆயிரக்கணக்கானோர் அதை இறக்கியிருந்தார்கள். அத்தனை பேரும் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி எச்சரிக்கை தயாரானது.

மறுநாள் லீட் ஒரு தாளோடு அக்காவின் மேசைக்கே வந்தார். ரிலீஸ் படிவம். அதில் 'எடை பார்த்தவர்' என்று புதிதாக ஒரு கட்டம். அங்கே அக்காவின் கையெழுத்து விழாமல் இனி எதுவும் வெளியே போகாது. அடியில் இன்னொரு தாள், நிரந்தர வேலைக்கான ஆணை. அக்கா அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கணவருக்குப் போன் செய்தார். அவர் வேனின் ஹாரனை அடித்த சத்தம் எனக்கே கேட்டது.

எச்சரிக்கை அறிவிப்பில், கண்டுபிடித்தவர் பெயரை எப்படிப் போடுவது என்று களஞ்சியத்தார் கேட்டிருந்தார்கள். முழுப் பெயரை அடிக்கப் போனேன்.

"தராசுன்னே போடு தம்பி," என்றார் அக்கா. "நீங்க எல்லாரும் சேந்து வச்ச பேருதானே."

அப்படியே போட்டேன். இன்றும் அந்த அறிவிப்பில் அப்படியேதான் இருக்கிறது.