கழுவாத மண்

மச்சாளை நினைத்தால் முதலில் வருவது அவருடைய வலது கைதான். கண்ணாடித் தொட்டிக்குள் முழங்கை வரை அமிழ்ந்திருக்கும் கை. காலை வெயில் சன்னலால் விழுந்து தண்ணீருக்குள் அந்தக் கையைக் கொஞ்சம் முறித்துக் காட்டும். அடியில் கிடக்கும் கடலட்டையின் முதுகைச் சுட்டுவிரலால் ஒருமுறை தொடுவார். அது மெல்ல இறுகும். "உயிர் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லி, கையைத் துடைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் குசினிக்குள் போய் அடுப்பு மூட்டுவார். வருடக்கணக்காக அந்த வீட்டில் விடிந்தது இப்படித்தான்.

மச்சாள் என் அண்ணனின் மனைவி. நான் அவரை மச்சாள் என்பேன், அவரும் என்னை மச்சாள் என்பார். திருகோணமலைக் கடற்கரையோரம், துறைமுகத்துக் கப்பல்கள் ஊதினால் சன்னல் கண்ணாடி அதிர்கிற தூரத்தில் எங்கள் வீடு. அண்ணன் சங்கும் கடலட்டையும் எடுக்கக் கடலடிக்குச் சுழியோடுகிறவர். ஆகவே அட்டை எங்களுக்குப் புதிய பிராணி அல்ல. அதன் வயிற்றைக் கீறிக் குடலை எடுப்பது, அவிப்பது, மண்ணில் புதைத்துத் தோலைத் தேய்ப்பது, வெயிலில் காயப்போடுவது எல்லாம் எங்கள் கைக்குப் பழக்கம். அது சாகிற விதம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வாழ்கிற விதம் அண்ணனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

யுத்தத்தில் கடலுக்குப் போகத் தடை வந்து, கையும் காலும் சும்மா இருக்க மாட்டாத நாட்களில்தான் அண்ணன் அந்தத் தொட்டியைச் செய்தார். பழைய அலுமாரிக் கதவுக் கண்ணாடிகளை வெட்டி ஒட்டி, காற்றடிக்க ஒரு சின்ன மோட்டார் பூட்டி, கல்லும் மண்ணும் நிரப்பி, நாலைந்து வண்ண மீன்களையும் விட்டார். கடைசியாகக் கரையோரத்தில் பிடித்துக் கொண்டுவந்தது ஒரு அட்டை, நடுத்தரக் கத்தரிக்காய் அளவு. விற்கிற அளவுக்கு வளரவில்லை. "உனக்கு உதவிக்கு ஒரு ஆள் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறன். அடியைக் கூட்டித் துடைக்கும்" என்றார். மச்சாளின் வீட்டுச் சுத்தம் தெருவெல்லாம் பேர்போனது. அவருக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. "நான் கூட்டுறது காணாதெண்டோ இவரைக் கூட்டிவந்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் தொட்டிப் பக்கமே திரும்பவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் ஆமிக்காரர் வந்து அண்ணனைக் கூட்டிப்போனார்கள். தண்ணீருக்கடியில் அவ்வளவு நேரம் நிற்கத் தெரிந்தவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பதே அந்த வருடங்களில் ஒரு குற்றம்தான். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். நாலு மாதத்துக்குப் பிறகு தெற்கே ஒரு தடுப்பு முகாமிலிருந்து முதல் கடிதம் வந்தது. ஒரு தாள். ஏற்கெனவே யாரோ பிரித்துப் படித்து, மேலே முத்திரை குத்தி அனுப்பிய தாள். ஊர் நிலவரம் எழுதக்கூடாது, ஆட்களின் பெயர் எழுதக்கூடாது, வழக்கைப் பற்றி மூச்சும் விடக்கூடாது. அண்ணன் எழுதியிருந்தார்: "நீரும் தங்கச்சியும் அட்டையும் மூவரும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்."

அந்த ஒரு வரியை மச்சாள் பிடித்துக்கொண்டார். மீன்கள் முதல் மாதத்திலேயே ஒவ்வொன்றாகப் போய்விட்டிருந்தன. மிஞ்சியது அட்டை மட்டும். அவர் எழுதுவதற்கும் இவர் எழுதுவதற்கும் பயமில்லாத பொருளாக உலகத்தில் மிஞ்சியதும் அது ஒன்றுதான். "அவர் வரேக்க இது உயிரோட இருக்கவேணும் மச்சாள். வேறை ஒண்டும் நான் கேக்கேல்ல" என்றார். அன்றிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர் அல்ல, மூன்று பேர்.

கவனிப்பு என்றால் அப்படி ஒரு கவனிப்பு. மின்சாரம் போகிற பொழுதெல்லாம் மோட்டார் நின்றுவிடும். மச்சாள் ஒரு செம்பால் தொட்டித் தண்ணீரை அள்ளி, தேத்தண்ணீர் ஆற்றுகிற மாதிரி உயரத் தூக்கி ஊற்றுவார். கை ஓய்ந்தால் நான். அது காற்றுக் கொடுக்கிற வழி என்று அவரே கண்டுபிடித்தது. தண்ணீர் வற்றினால் கண்ணாடியில் கீறிய கோடு வரைக்கும் கிணற்றுத் தண்ணீர் விடுவார். "உப்பு எங்கையும் போகாது, தண்ணிதான் போகும்" என்பது அவருடைய கணக்கு. அது சரியான கணக்கு. சாப்பாட்டில்தான் பிழை விட்டோம். நெத்தலியைக் குத்திப் போட்டோம். அவித்த கிழங்கை உதிர்த்தோம். புட்டுக்கூடப் போட்டோம். தண்ணீர் பால் மாதிரிக் கலங்கி நாறியதுதான் மிச்சம். மச்சாளுக்கு நாற்றம் ஆகாது. கிழமைக்கு ஒரு முறை அடிமண் முழுவதையும் சுளகில் அள்ளிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், அரிசி அரிக்கிற மாதிரி ஏழு தண்ணீர், எட்டுத் தண்ணீர் கழுவுவார். கழுவி, வெயிலில் காயவைத்து, வெள்ளைச் சீனி மாதிரித் திரும்பக் கொட்டுவார். பார்த்தவர்கள் சாமியறை மாதிரி இருக்கிறது என்றார்கள்.

அந்தச் சாமியறைக்குள் அட்டை சிறுத்துக்கொண்டே போனது. ஒரு நாளில் தெரியாது, ஒரு கிழமையிலும் தெரியாது. மச்சாள் தீக்குச்சி வைத்து அளந்தார். நாலு குச்சி மூன்றானது, மூன்று இரண்டானது. அவருடைய முகமும் அதோடு சேர்ந்து வற்றியது. கடிதத்தில் மட்டும் "அட்டை நல்ல சுகம்" என்று எழுதினார். அண்ணனிடமே கேட்கலாமே என்றேன். "அங்க இருக்கிற மனிசனுக்கு இஞ்ச ஒண்டு சாகுது எண்டு எழுத என்னால ஏலாது" என்று சொல்லி அந்தக் கதையை முடித்துவிட்டார்.

நான் களவாக எழுதினேன். அட்டை ஒன்றரைக் குச்சிக்கு வந்த அன்று, பொது வாசிகசாலை மேசையில் இருந்து, நாங்கள் போடுவது, கழுவுவது எல்லாவற்றையும் விவரித்து எழுதித் தபாலில் போட்டேன். பதில் வர ஒன்றரை மாதம் சென்றது. பதில் எனக்கு வரவில்லை, மச்சாளுக்கு வந்தது. அவர் முற்றத்தில் நின்றே படித்தார். முகம் சிவந்தது. என்னைப் பார்த்த பார்வையில் நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன். மூன்று நாள் என்னோடு கதை இல்லை. நாலாம் நாள் தாளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். அண்ணனின் எழுத்து தாளைக் கிழிக்கிற அழுத்தத்தில் இருந்தது. "உனக்கென்ன விசரோ? அது தின்னுறதே அந்த ஊத்தையைத்தான். மண்ணை விழுங்கி, மண்ணில ஒட்டியிருக்கிறதைத் தின்னுட்டு, மிச்ச மண்ணைத் துப்புரவாக்கி வெளியில விடும். உன்ர சுத்தம்தான் அதைக் கொல்லுது. கழுவாதை. கடற்புல் முளைச்ச சேத்துக் கரையில மேல்மண்ணா வழிச்செடுத்துப் போடு."

நான் தலை நிமிரவில்லை. மச்சாள் பக்கத்தில் வந்து இருந்தார். "இவ்வளவு நாளும் எனக்கு வந்ததெல்லாம் கந்தோர் அதிகாரிக்கு எழுதுற மாதிரிக் கடிதம். இதில என்னை ஏசியிருக்கிறார், பாத்தீங்களே?" என்றார். பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண் நிறைந்திருந்தது.

அடுத்த நாளே வாளியோடு இறங்கினோம். கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையின் இடப்பக்கத்தில் ஒரு காவலரண் இருந்தது. மண்வாளியோடு திரும்பிவந்த எங்களை ஒரு இளம் சிப்பாய் மறித்தான். தடியால் சேற்றைக் கிண்டிப் பார்த்தான். என்ன என்று கேட்டான். சாப்பாடு என்றார் மச்சாள். யாருக்கு என்றான். அட்டைக்கு என்றார். அவனுக்குத் தெரிந்த தமிழில் இதெல்லாம் இல்லை. துவக்கோடு வீட்டுக்கே வந்துவிட்டான். மச்சாள் அவன் முன்னாலேயே சேற்றைத் தொட்டிக்குள் மெல்ல இறக்கினார். தண்ணீர் தெளியக் கொஞ்ச நேரம் எடுத்தது. அட்டையின் வாயடியில் குட்டிப் பூக்கொத்து மாதிரி ஏதோ விரிந்தது. ஒவ்வொரு இதழும் மண்ணைத் தொட்டு, வாய்க்குள் போய், மண்ணை விட்டுவிட்டு வெளியே வந்தது. சிப்பாய் குந்தியிருந்து பார்த்தான். "சாப்பாடு ஊத்தை. ஆனா ஆள் நல்லம்" என்று சொல்லிவிட்டுப் போனான். பிறகு எங்கள் வாளியை அவன் கிண்டவில்லை. விடிந்ததும் மச்சாள் என்னைத் தட்டி எழுப்பினார். "மச்சாள், வாங்கோ, வாங்கோ, வெளிக்குப் போயிருக்குது." தொட்டியின் அடியில், பிழிந்த முறுக்குத் துண்டு மாதிரி, சுத்தமான மண் சுருள் ஒன்று கிடந்தது. அதைப் பார்த்து நாங்கள் இருவரும் கும்பிடாத குறை.

அட்டை பழைய அளவுக்கு வந்துவிட்டிருந்தது, அண்ணன் வந்தபோது. ஒரு பின்னேரம், முன்னறிவித்தல் எதுவும் இல்லாமல், ஒரு பையோடு வாசல் படலையில் நின்றார். மெலிந்திருந்தார், அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது மற்றது. சுவரோடு முதுகை ஒட்டிக் கதிரையில் இருப்பார். படலை சத்தம் கேட்டால் எழும்புவார். கேட்டதற்கு ஓம், இல்லை, அவ்வளவுதான். நாலடி தூரத்தில் தொட்டி. ஒரு நாளும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மச்சாள் அவர் கண்ணில் படட்டும் என்றே மண் மாற்றுவார், செம்பால் ஆற்றுவார், முதுகைத் தொட்டு "உயிர் இருக்கு" என்று வழமையைவிட உரத்துச் சொல்லுவார். இரண்டு மாதம் போயிற்று. ஒருநாள் கிணற்றடியில் வைத்து மச்சாள் என்னிடம் சொன்னார்: "கடிதத்தில வந்த மனிசன் இன்னும் வந்து சேரேல்ல மச்சாள்."

அடுத்த நாள் ஒட்டிய உறை ஒன்றை என்னிடம் தந்து தபாலில் போடச் சொன்னார். மேலே எங்கள் வீட்டு விலாசம், அண்ணனின் பெயர். ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற ஆளுக்குக் கடிதமா, உங்களுக்கு விசரா என்று கேட்டேன். "என்னோட கதைக்க அவருக்கு மறந்துபோச்சு. எழுத மறந்திருக்காது" என்றார்.

மூன்றாம் நாள் தபால்காரர் கொண்டுவந்தார். அண்ணன் உறையைத் திருப்பித் திருப்பி முகாம் முத்திரையைத் தேடினார். ஒருவரும் பிரித்துப் பார்த்திருக்கவில்லை. உள்ளே வழமைபோல ஒரு தாள். அட்டை சுகம், போன கிழமை கொஞ்சம் தின்னவில்லை, இப்போது சரி, மண் முடியப்போகிறது, இவ்வளவுதான் என்று மச்சாள் பிறகு சொன்னார். அண்ணன் படித்துவிட்டு எழும்பித் தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். விளக்கு ஏற்றுகிற நேரம் வரைக்கும் நின்றார். மறுநாள் அவரும் ஒரு உறையை என்னிடம் தந்தார். அதையும் தபாலில் போட்டேன். அதில் இரண்டே வரி. மச்சாள் எனக்குக் காட்டினார்: "இது வந்த அடுத்த நாள் மண்ணெடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு போ. ஒழுங்கையில நீ என்ர இடப்பக்கமா நட."

கடிதம் வந்த அடுத்த நாள் அவர்கள் முன்னால் நடக்க, நான் பின்னால் வாளியோடு போனேன். காவலரண் நெருங்க அண்ணனின் நடை தடுமாறியது. மச்சாள் நெருங்கி நடந்தார். அவர் உயரமான பெண் அல்ல. இருந்தாலும் அந்த இடத்தில் அண்ணனை முழுவதும் மறைத்த மாதிரித்தான் எனக்குப் பட்டது. கரையில் மச்சாள் குனிந்து மண்ணை வழிக்க, அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் கால் வைத்தார். அன்றைக்குக் கணுக்கால் வரைக்கும்தான். அந்த மாரிக்காலம் முடிவதற்குள் கழுத்து வரைக்கும் போனார். அட்டை இன்னும் இரண்டு வருடம் இருந்து, ஒரு காலை மச்சாளின் விரலுக்கு இறுகாமல் போனது. யாரும் பெரிதாக அழவில்லை. அப்போது வீட்டில் கதைக்க வேறு நிறைய இருந்தது.

யுத்தம் முடிந்து அந்தக் காவலரணை இடித்துவிட்டார்கள். இப்போது அந்த ஒழுங்கையில் சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். மச்சாள் காலமாகி ஐந்து வருடம். அண்ணன் இன்னும் காலையில் கடலுக்குப் போகிறார், கூட நானும். ஒழுங்கை இப்போது அகலம், நடுவால் நடக்கலாம். அவர் வலப்பக்க மதிலோடு ஒட்டியே நடக்கிறார், இடப்பக்கத்தில் ஒரு ஆள் நடக்கிற அளவு இடம் விட்டு. நான் அந்த இடத்தில் நடப்பதில்லை. பின்னால்தான் போகிறேன்.