தராசக்காவின் தகடு வைத்த ஷூ

இடது ஷூவைத் தட்டில் வைத்துவிட்டு, எண்கள் ஆடி அடங்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார் தராசக்கா. இருநூற்று முப்பத்து நாலு. அதை இறக்கிவிட்டு வலது ஷூவை வைத்தார். இருநூற்று முப்பத்தொன்று. "மூணு கிராம் வித்தியாசம். கெடக்கட்டும், எனக்கும் இடது கால்தான் கொஞ்சம் கனம்" என்றார், யாரும் கேட்காமலே. கடை ஷூக் கடை. தராசு மட்டும் இவருடையது. பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது. விற்பனையாளர் சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு, "மேடம், எடை பெட்டியிலயே போட்டிருக்கே" என்றார். "போட்டிருக்கும். தட்டுல வைச்சாத்தான் எனக்குத் தெரியும்."

ஐம்பத்து மூன்று வயது. தொழில், தராசு பழுது பார்ப்பது. நகைக்கடையின் மில்லிகிராம் தராசிலிருந்து, பிறந்த குழந்தையைப் படுக்க வைக்கிற ஆஸ்பத்திரித் தராசு வரைக்கும் கோளாறு என்றால் இவரிடம்தான் வந்தாக வேண்டும். சாவி செய்பவர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய ஓர் அறை. காற்றுப் பட்டால் எண் ஆடும் என்று, வேர்த்து ஊற்றினாலும் மின்விசிறியைப் போட மாட்டார். எடைக்கல்லை யாராவது வெறுங்கையால் தொட்டுவிட்டால் போச்சு, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். விரல் வேர்வையும் எடைதானாம். எதிரே உட்கார்ந்து யாராவது எதையாவது அடித்துச் சொன்னால், அது மழை வரும் என்பதாகட்டும், இன்ன டாக்டர் கெட்டிக்காரர் என்பதாகட்டும், "தட்டுல வை, பாப்போம்" என்பார். பாதிப் பேர் அதோடு பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இப்படிப்பட்டவர் நாற்பத்தைந்து வயதில் ஓட ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டவர்களிடம், "நடந்தா லேட்டாகுது" என்று ஒரே போடாகப் போட்டார். ஓடக் கிளம்பும்போது சாவிக்கொத்தை எடுக்க மாட்டார். அது நாற்பத்தொரு கிராம். ஷூ நாடாவின் நுனியை வெட்டி, வெட்டிய துண்டையும் எடை போட்டு, "ரெண்டு பக்கமும் சேர்த்து ஒரு கிராம் மிச்சம்" என்று பூரித்துப் போவார். அதே மனுஷி ஓடி முடித்ததும் நின்ற இடத்திலேயே நாலு வாழைப்பழத்தை உள்ளே தள்ளுவார். அதை மட்டும் தட்டில் வைப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் மைதானத்தில் வேக ஓட்டம். பயிற்சியாளரை எல்லோரும் விசில் என்பார்கள். பேசுவதைவிட ஊதுவது அதிகம். அவரிடம் இரண்டு பட்டியல் உண்டு. முதல் அணி தடத்தின் உள்வட்டத்தில் ஓடும். விசில், கடிகாரமும் கையுமாக நின்று ஒவ்வொருவருக்கும் நேரம் குறிப்பார். இரண்டாம் அணி வேலியோரமாக, நடைப்பயிற்சிக்காரர்களுக்கு வழி விட்டுக்கொண்டு ஓடும். அவர்களுக்கு யாரும் நேரம் பார்ப்பதில்லை. தராசக்கா ஆறு வருடமாக முதல் அணி. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் முடங்கிக் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, விசில் தன் பட்டியலைப் பென்சிலால் தட்டினார். "அடுத்த மாசம் முதல் செவ்வாய். ஒரு கிலோமீட்டர், ஆறு தடவை. ஒவ்வொண்ணும் அஞ்சு நிமிஷத்துக்குள்ள வரணும். இல்லன்னா ரெண்டாவது அணிக்குப் போயிடுங்கக்கா. அங்க நிம்மதியா ஓடலாம்."

மெதுவாக ஓடுவதில் அவமானம் ஒன்றுமில்லை. அது அவருக்கும் தெரியும். அளக்கவே மாட்டார்கள் என்பதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஊரார் தராசில் அரை கிராம் தவறினாலும் விடாத ஒருத்தியை, நீ சும்மா ஓடிக்கொண்டிரு என்று ஓரங்கட்டுவதா? அன்றைக்குக் கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை. வாடிக்கையாளர்கள் எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள்.

கெண்டைக்கால் பிடித்ததன் ரகசியம் வேறு. "படியில வழுக்கிட்டேன்" என்று ஊரை நம்ப வைத்திருந்தார். உண்மை என்னவென்றால், போன வருடம் இதே கடைக்கு இதே தராசோடு வந்து, இருந்ததிலேயே எடை குறைந்த ஜோடியை அள்ளிக்கொண்டு போனார். நூற்று எண்பத்திரண்டு கிராம்! பந்தயத்துக்கென்றே செய்த ஷூ அது. அடிப்பாகத்தின் நுரைக்கு நடுவே, காலை முன்னே உந்தித் தள்ளும் கார்பன் தகடு, பலகை மாதிரி விறைப்பு. வருடத்துக்கு இரண்டு பந்தயத்தில் போட வேண்டியதை வாரா வாரம் பயிற்சிக்குப் போட்டார். ஐந்தாவது வாரம் கால் கெஞ்சியது. ஆறாவது வாரம் முடியவே முடியாது என்று உட்கார்ந்துவிட்டது. எடையை மட்டும் பார்த்து ஷூ வாங்குகிற மடத்தனத்தைத் தராசுக்காரியைத் தவிர யார் செய்வார்கள்? நினைத்தால் இன்றைக்கும் அவருக்குத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வரும்.

அந்த இரண்டு மாதமும் காலுக்கு ஐஸ் கட்டிவிட்டவள் மகள். அதனால் பேச உரிமை உண்டு, பேசவும் பேசினாள். "தகடு கிகடு எல்லாம் வேணாம்மா. மெத்துனு ஒண்ணு வாங்கிக்கோ. நீ மெதுவா ஓடினா யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்கடி. அதான் எனக்கு வயித்தெரிச்சல்."

மகள் போய்ப் பையை எடுத்து வந்தாள். தராசு இடிபடாமலிருக்கப் பழைய துண்டொன்றைச் சுற்றிப் பைக்குள் வைத்துக் கொடுத்தாள்.

அந்தப் பையிலிருந்து இப்போது கையுறை வந்தது; ஓர் இரும்புக் கவ்வி வந்தது; கடைசியில் ஐந்து கிலோ எடைக்கல்லும் வந்தது. விற்பனையாளரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மேசை விளிம்பில் ஷூவின் குதிகாலைக் கவ்வியால் இறுக்கி, விரல் பக்கத்தில் கல்லைத் தொங்கவிட்டு, எவ்வளவு தாழ்கிறது என்று அடிக்கோல் வைத்துப் பார்த்தார் தராசக்கா.

"ஐயையோ, ஷூ கெட்டுடும் மேடம்!"

"நான் இந்தக் கல்லை விடப் பத்து மடங்கு கனம். இதுக்கே கெட்டுப் போறதை எனக்கு எதுக்கு விக்கிறீங்க?"

முதலில் பழைய எதிரியான கார்பன் தகடு ஷூ. அசைந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. அடுத்தது, "உங்க வயசுக்கு இதுதான் மேடம்" என்று விற்பனையாளர் அக்கறையாக எடுத்து வந்த மெத்தை ஷூ. அது வெந்த கத்தரிக்காய் மாதிரி தொங்கிற்று. கல்லை எடுத்த பிறகும் நிமிரலாமா வேண்டாமா என்று யோசித்தது. மூன்றாவது, எடை போட்டு ஓரமாக வைத்திருந்த ஜோடி. அதற்குள் இருப்பது நைலான் தகடு. அடியில் ரப்பரும் கொஞ்சம் தடிமன், வாரா வாரம் போட்டாலும் உழைக்கும். கல்லுக்கு இரண்டு விரல் தாழ்ந்தது. கல்லை எடுத்ததும் சடக்கென்று நிமிர்ந்தது. மறுபடி தொங்கவிட்டார், மறுபடி நிமிர்ந்தது.

"கார்பனை விட இது ஐம்பது கிராம் கூட மேடம். நீங்க எடை பாக்கறவங்களாச்சே" என்றார் விற்பனையாளர்.

"எடை பாத்துதான் போன தடவை ஏமாந்தேன்." மகளிடம்கூடத் தன் வாயால் சொல்லாததை முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. "இது வளையுது, ஆனா பணிய மாட்டேங்குது. இதைக் கட்டுங்க."

முதல் செவ்வாய் வந்தது. முதல் கிலோமீட்டரை நாலு நிமிடம் நாற்பத்தொன்பது நொடியில் முடித்தார். அது அவசரக் குடுக்கைத்தனம். அதற்கு மூன்றாவதில் வட்டி கட்டினார். நாலாவதில் வாய் வறண்டது. ஐந்தாவது நாலு ஐம்பத்தொன்பது. முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றவரைப் பார்த்து, முதல் அணியின் வங்கிக்காரர், "போதும்க்கா, உடம்பைப் பாத்துக்கங்க" என்றார். "உடம்பைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன், தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு ஆறாவதுக்குக் கிளம்பினார். கடைசி வளைவில் கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. இழுத்தால் இழுத்துக்கொள் என்று அதன் மேலேயே ஏறி ஓடினார். நாலு ஐம்பத்தெட்டு.

விசில், கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் ஷூவைப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார்.

"டைம் சரிதான்க்கா. ஆனா தகடு போட்ட ஷூ ஆச்சே, இதை எப்படி எடுத்துக்கறது? அது தள்ளினதுலதானே வந்திருக்கீங்க? ஓடினது நீங்க இல்ல, ஷூதான்னு நாலு பேரு சொல்ல மாட்டாங்களா?" பட்டியலில் பென்சில் அந்தரத்தில் நின்றது.

முதல் அணியில் பதினொரு பேர். அதில் ஏழு பேர் காலில் தகடு வைத்த ஷூதான். முப்பது வயது வங்கிக்காரர் போட்டிருந்தது தராசக்காவைப் படுக்க வைத்த அதே கார்பன். அவர் நேரத்தை இதுவரை யாரும் ஷூவின் பேரில் எழுதியதில்லை. அவரே குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார், முகத்தில் ஈயாடவில்லை.

தராசக்கா வாதாடவில்லை. தடத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தார். நனைந்த காலுறையோடு எழுந்து போய், இரண்டு ஷூவையும் தொடக்கக் கோட்டில் ஜோடியாக, முனை கோட்டைத் தாண்டாமல் வைத்தார். திரும்பி வந்து விசிலின் கழுத்தில் தொங்கிய கடிகாரத்தை எடுத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்.

"ஒரு கிலோமீட்டர். அஞ்சு நிமிஷம் தரேன். ஓடட்டும், பாப்போம்."

பித்தானைத் தானே அமுக்கி, கடிகாரத்தை விசிலின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணை எடுக்காமல் அந்த ஷூக்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.