மதாம் லியோந்தீன் ஏற்றுக்கொண்ட சத்தம்

பிரான்சில் எங்கள் லிமூசின் பக்கம் மதாம் லியோந்தீனைப் போல மானம் மரியாதை பார்த்தவரை நான் கண்டதில்லை. மாதா கோயில் பீடத்துத் துணிகளுக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுப்பவர். தனியாக இருக்கும்போதுகூட வாயை மூடிக்கொண்டுதான் கொட்டாவி விடுவார்.

ஜெர்மன்காரர்கள் நாட்டைப் பிடித்திருந்த காலம். அவர்களுடைய தொழிற்சாலைக்கு வேலைக்கு வரச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. போகாமல் தப்பி ஓடிவந்த என்னை, முன்பின் தெரியாத அந்த அம்மாள்தான் சமையலறை அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்.

உருளைக்கிழங்கை எல்லாம் பட்டாளம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. பன்றித் தீனிதானே என்று அவர்கள் விட்டுவைத்தது தொபினாம்பூர் கிழங்கை மட்டும். இஞ்சி போல முண்டும் முடிச்சுமாக இருக்கும். மதாம் உறைந்த மண்ணைக் கொத்தி அதைத் தோண்டி எடுத்து, அவித்து, தன் தட்டில் இருப்பதையும் என் பக்கம் தள்ளுவார். தின்னத் தித்திப்புத்தான். அப்புறம்தான் வயிறு கச்சேரியை ஆரம்பிக்கும். ஒளிந்திருப்பவன் இருமலை அடக்கலாம், தும்மலை அடக்கலாம். இதை என்ன செய்வது?

ஒருநாள் மதியம் இரண்டு போலீஸ்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். மதாம் அலமாரியில் சாய்ந்து நின்றுகொண்டார். அந்த நேரம் பார்த்து என் வயிறு காலை வாரிவிட்டது. சத்தம் என்றால் சாதாரணச் சத்தம் இல்லை.

"யாரது?"

தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"நான்தான்," என்றார் மதாம். இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவர் கழுத்துவரை சிவந்துவிட்டது. "மூணு வேளையும் இந்தக் கிழங்கைத் தின்னு பாருங்க, உங்களுக்கும் தெரியும். சீக்கிரம் தேடிட்டுக் கிளம்புங்கய்யா, இன்னொண்ணு வருது!"

மூக்கைப் பொத்திக்கொண்டு, சிரித்தபடியே வெளியே ஓடினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் அவருக்குப் 'பீரங்கி' என்று பேர் வைத்துவிட்டது. கோயிலில் பக்கத்தில் உட்கார ஆளில்லை. பீடத்துத் துணியும் வேறொருத்தி கைக்குப் போனது. உண்மையைச் சொன்னால் என் தலை போகும் என்று அவர் வாயே திறக்கவில்லை.

"என்னாலதானே உங்களுக்கு இந்தக் கதி, மதாம்?"

"பேசாம சாப்பிடுப்பா, ஆறிப்போகுது."

இன்று நான் உயிரோடு இருப்பது அவர் போட்ட பிச்சை. கும்பிடத் தோன்றும்போதெல்லாம் எனக்கு அவர் முகம்தான் வருகிறது.

ஜெர்மன்காரர்கள் ஊரைவிட்டுப் போன அன்று சந்தை நடுவே நின்று கத்தினேன். "அன்னைக்கு விட்டது மதாம் இல்ல! அலமாரிக்குப் பின்னால ஒளிஞ்சிருந்த நான்!"

முதலில் சிரித்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். பீரங்கி என்று பேர் வைத்த ரொட்டிக் கடைக்காரர் தொப்பியைக் கழற்றினார்.

மதாம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "மடையா! நீ இனிமே பொண்ணு பார்க்கணும், கல்யாணம் பண்ணணும். அந்தப் பேரு என்கிட்டயே இருந்துட்டுப் போகட்டுமே!"