எடைக்கு எடை

ஏகாம்பரத்தின் தொந்தி ஒரே நாளில் வந்ததல்ல. பிள்ளையார்பாளையத்தில் இருபத்தைந்து வருஷம் குழித்தறியில் உட்கார்ந்து சேர்த்த சொத்து அது. கால் மிதித்தது, கை ஊடு நூல் ஓடும் நாடாவை வீசியது, வாய் அவ்வப்போது பக்கோடா தின்றது. நடுவில் இருந்த வயிற்றுக்கு மட்டும் ஒரு வேலையும் இல்லை. சும்மா இருந்தது, வளர்ந்தது.

வளர்ந்துவிட்டுப் போகட்டும், யாருக்கு நஷ்டம் என்றுதான் அவரும் இருந்தார். ஆனால் தறியில் உட்காருகிறவர் மடிக்கு நேரே குறுக்காக ஒரு மரம் உண்டு. படமரம் என்பார்கள். நெய்த புடவை அதில்தான் சுற்றிக்கொண்டே வரும். எழுபத்தொன்றாம் வருஷம் சித்திரை வெயிலில் ஏகாம்பரத்தின் தொந்தி அந்த மரத்தின்மேல் போய்ச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. வியர்வை பட்டுப் புதுச் சரிகை மங்கியது. துண்டை மடித்து நடுவில் வைத்துப் பார்த்தார். துண்டின் பிசிறெல்லாம் சரிகையில் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

முதலாளி சீனிவாசன் புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஏகாம்பரத்தின் வயிற்றைப் பார்த்தார்.

"இன்னாபா இது? புடவைய வயித்துல இஸ்திரி போட்டுக்கினு வந்தியா?"

ஏகாம்பரம் துண்டை இழுத்து வயிற்றை மறைத்துக்கொண்டார்.

"இந்தப் பாவுல இன்னும் ரெண்டு இருக்குது. அடுத்தத நான் சமாளிச்சுக்கறேன். கடைசிப் புடவை கல்யாணப் பொண்ணுக்கு. அதுல ஒரு மங்கல் இருந்தா, அப்புறம் பாவு கேட்டு இந்தப் படி ஏறாதே."

நீளவாக்கில் தறியில் ஏற்றும் பட்டு இழைதான் பாவு. அது இல்லாத தறி வெறும் பள்ளம். ஏகாம்பரத்துக்கு அன்றைக்கு இரண்டாம் தடவை சோறு கேட்கத் தோன்றவில்லை. அவர் வாழ்க்கையில் அது பெரிய சம்பவம்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். சோறு இவ்வளவு, பருப்பு இவ்வளவு, கீரை, காய், மோர், ஒரு நாளைக்கு மூன்று ஸ்பூன் எண்ணெய். "கண்ணால பார்த்து அளக்காதீங்க. எடை போட்டுச் சாப்பிடுங்க" என்றார்.

எடை! ஏகாம்பரத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முதலாளி பட்டையும் சரிகையையும் நிறுத்துத் தருவார். புடவை அந்த எடைக்கு வந்து நிற்க வேண்டும். இருபத்தைந்து வருஷத்தில் ஏகாம்பரத்தின் புடவை ஒருநாளும் எடை குறைந்ததில்லை. அப்படிப்பட்டவருக்கு எடை போட ஒரு டாக்டர் கற்றுத்தர வேண்டுமா? வீட்டுக்கு வந்ததும் சரிகைத் தராசை இறக்கிச் சமையற்கட்டில் மாட்டினார்.

"பட்டு நிறுக்கற தராசுல ரசம் ஊத்தறீங்களே, நல்லா இருக்குதா?" என்றாள் மனைவி பெரியநாயகி. ஆனாலும் அவர் சொன்ன அளவுக்குப் பிடி கூடாமல் நிறுத்துப் போட்டாள். அதே அளவைத் தனக்கும் எடுத்து வைத்துக்கொண்டாள். அதை ஏகாம்பரம் கவனிக்கவில்லை. அவருடைய கவனமெல்லாம் சீட்டின்மேல் இருந்தது.

சீட்டைக் கூட்டிப் பார்த்தார். நாளொன்றுக்கு ஆயிரத்து இருநூறு கிராம். அவ்வளவுதானே? ஆயிரத்து இருநூறு தாண்டக்கூடாது. உள்ளே என்ன இருந்தால் என்ன? நூறு கிராம் கீரையை எடுத்துவிட்டு நூறு கிராம் வேர்க்கடலை வைத்தார். மோர் ஐம்பது குறைந்தது, நெய் ஐம்பது ஏறியது. சுரைக்காயை மொத்தமாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கோயில் இட்லியைக் கொண்டுவந்தார். அதில் மிளகும் சுக்கும் இருக்கிறதே, மருந்துதானே! தராசு முள் ஆடாமல் நடுவில் நின்றது. இப்படியொரு யோக்கியமான பத்தியத்தை அந்தத் தெரு கண்டதில்லை.

மூன்று வாரம் கழித்து ரயிலடியில் இருந்த எடை மிஷினில் ஏறிக் காசு போட்டார். பத்தியம் ஆரம்பித்த அன்று எண்பத்தொரு கிலோ. இப்போது எண்பத்து மூன்று. அட்டையின் பின்பக்கம் 'உங்கள் முயற்சி பலன் தரும்' என்று அச்சடித்திருந்தது. ஏகாம்பரம் அட்டையைக் கிழித்துத் தண்டவாளத்தில் போட்டார்.

அன்றைக்குத்தான் இரண்டாவது புடவையை அறுத்து இறக்கியிருந்தார். தறியில் மிச்சம் இருந்தது கல்யாணப் புடவை மட்டும்.

"டாக்டரம்மாவுக்கு ஒண்ணும் தெரில" என்று வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினார். "ஒரு கிராம் கூடல, ஒரு கிராம் குறைல. எடைக்கு எடை சரியா இருக்குது. அப்புறம் எப்படி ஏறும்?"

பெரியநாயகி ராட்டையில், நாடாவுக்குள் போகும் தார்க் குச்சிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"ஏங்க, முதலாளி அம்பது கிராம் சரிகை குடுக்கறாரு. நீங்க அத எடுத்து வெச்சுக்கினு, புடவைல அம்பது கிராம் பட்டு கூடப் போட்டு நெய்யறீங்க. எடை சரியா வரும். ஒத்துக்குவாரா?"

"அது எப்படிமா ஒத்துக்குவாரு? சரிகை வேற, பட்டு வேற. ரெண்டும் ஒரே விலையா?"

"அப்ப நெய்யும் மோரும் மட்டும் ஒரே விலையா?"

ஏகாம்பரம் தராசை நிமிர்ந்து பார்த்தார். எடையில் மோசம் செய்யாதவர் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவர், இருபத்தோரு நாள் தன் வயிற்றைத் தானே மோசம் செய்திருந்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மிச்சமிருந்த வேர்க்கடலையை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும்போது வந்த துக்கம் அதைவிடப் பெரிது.

அதன்பிறகு தட்டைப் புடவையாகப் பார்க்கப் பழகினார். கீரையும் காயும் உடல், பரந்து கிடக்கலாம். பருப்பு முந்தானை, அழுத்தமாக இருக்க வேண்டும். சோறு கரை, அதற்குள்ள அகலத்தைத் தாண்டக்கூடாது. நெய்யும் எண்ணெயும் சரிகை, இழை எண்ணித்தான் போட வேண்டும். விடிந்ததும் செவிலிமேடு வரை நடந்துவிட்டு வந்தார். முதல் பத்து நாள் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டே கல்யாணப் புடவையை நெய்தார். பதினோராம் நாள் தொந்திக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு விரல் போனது. பெரியநாயகியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் தன் விரலையும் விட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

கல்யாண வேலைப்பாட்டுக்கு இரண்டு மாதம் பிடித்தது. புடவை முடிந்தபோது இரண்டு விரல் தாராளமாகப் போனது. மிஷின் எழுபத்தைந்து காட்டியது. புடவையில் ஊசிமுனை அளவு மங்கல் இல்லை.

முதலாளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தராசில் வைத்தார், தலையாட்டினார். பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்தார். முகம் மாறியது.

"இன்னாபா, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு? இருமல் கிருமல் இருக்குதா?"

"இல்ல முதலாளி, இளைச்சேன்."

"அதான் கேக்கறேன். ஒரு காரணமும் இல்லாம எவனாவது இளைப்பானா? உன்னை நம்பி மூணு புடவைப் பாவு குடுத்துட்டு, நீ பாதியில படுத்துக்கினா நான் இன்னா பண்றது?"

தொந்தி இருந்தாலும் பாவு இல்லை, போனாலும் பாவு இல்லையா? ஏகாம்பரம் சீட்டு, தராசு, சுரைக்காய் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தார். முதலாளி நம்பவில்லை. உள்ளே குரல் கொடுத்தார். கோயில் இட்லி இரண்டு வந்தது, மேலே நெய் குளமாக நின்றது.

"சாப்பிடு. சாப்பாடு இறங்குதா பாக்கறேன்."

ஏகாம்பரம் சாப்பிட்டார். கடவுளே, என்ன ருசி! இரண்டாவது இட்லி பாதியில் இருக்கும்போதே பாவைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார் முதலாளி.

பாவைத் தோளில் போட்டுக்கொண்டு செவிலிமேடு சுற்றித்தான் வீட்டுக்கு வந்தார். பெரியநாயகி வாசலிலேயே நின்றிருந்தாள். பாவைப் பார்த்ததும் ஓடிவந்து இரண்டு கையாலும் வாங்கினாள். ரவிக்கைக் கை அவள் தோளிலிருந்து தொளதொளவென்று தொங்கியது. ஏகாம்பரம் அப்போதுதான் பார்த்தார். இளைக்க அவள் உடம்பில் ஒன்றுமே இருந்ததில்லை.

"நீ ஏன்மா இப்படி ஆயிட்ட?"

"நீங்க அளந்து சாப்பிட்டுக்கினு இருக்கும்போது எனக்கு மட்டும் எப்படி இறங்கும்?"

அவர் பாவை அவள் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தார். உள்ளே போய் அவள் தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டார், நெய்க் கிண்ணத்தைச் சாய்த்தார். போதும் போதும் என்று அவள் கையை நீட்டித் தடுத்தாள். தராசு தலைக்கு மேலேதான் தொங்கியது. அவர் அதைத் தொடவில்லை.