சேற்றில் இறங்கிய கை

செவ்வாய்க்கிழமை காலை மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. புக்கிட் ரோத்தானில் எங்கள் அடுத்த வரிசையில் குடியிருந்த ஓவியர் தேவகி அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார். மறுநாள் அவருடைய அண்ணன் எழுதியிருந்தார்: "அவ படமெல்லாம் சாமி படத்த வெட்டி ஒட்டுனது. வீட்ல வைக்கக் கூடாது. பதினாறு முடிஞ்சதும் ஜெராம் கடல்ல விட்ரலாம். உன்கிட்ட இருக்கறதையும் கொண்டாந்துடுமா."

அவரை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அக்கா மதியம்வரை, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களின் நாற்றுப் பண்ணையில் வேலை செய்தார். மதியத்துக்குப் பிறகு கத்தரியும் பசையும்தான். பழைய சாமி காலண்டர்களைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வராது. கோயில் அரச மரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டுப் போவோம். அவற்றை அக்கா எடுத்து வருவார். சாமியை நகம்கூடப் படாமல் தனியே வெட்டியெடுத்து, மஞ்சள் துணியில் சுற்றி, வருடத்துக்கு ஒரு முறை ஜெராம் கடலில் விடுவார். சாமிக்குப் பின்னால் இருந்த வானமும் மலையும் குளமும்தான் அவருக்கு வேண்டும். லட்சுமியின் தாமரைக் குளம் எங்கள் வாய்க்காலாகும். கைலாயத்துப் பனி, செம்பனைக்கு மேலே மழை மேகமாகும்.

நான் புஞ்சாக் ஆலாமில் கல்லூரியில் படித்தபோது அங்கே அவர் படங்களைக் கண்காட்சியாக வைத்தோம். கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவர், மாட்டு வண்டி வைத்தால் நன்றாக விற்கும் என்றார்.

"மாட்டு வண்டிய நான் பாத்ததே இல்லலா. லோரிதான் பாத்தேன்" என்றார் அக்கா. வந்தவர் வாங்காமல் போனார்.

ஒரு முறை கத்தரி வழுக்கி, முருகனின் ஆசி வழங்கும் கை மணிக்கட்டோடு அறுந்துவிட்டது. அன்று முழுக்க அக்கா சாப்பிடவில்லை. மறுநாள் அந்தக் கையை, தான் செய்துகொண்டிருந்த படத்தில், சேற்றில் கிடக்கும் செம்பனைக் குலைகளுக்கு நடுவே ஒட்டினார். "தப்பு நடந்துபோச்சு. அத மறைச்சா ரெண்டு தப்பு."

கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து கத்தினார். "சாமி கையக் கொண்டுபோய்ச் சேத்துல வெச்சிருக்கியே தேவகி!"

"எங்கம்மா ஆயுசுக்கும் அந்தச் சேத்துலதான் நின்னாங்க அண்ணே. சாமி ஒரு கை குடுத்தா என்னவாம்?"

என் மகள் பிறந்தபோது அந்தப் படத்தைத்தான் எனக்குக் கொடுத்தார். மாட்டினேன். ஆறாம் மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. "புள்ள இருக்கற வீட்ல வெட்டுன சாமியா?" என்றார் மாமியார். பயந்து, படத்தை அலமாரிக்குப் பின்னால் ஒளித்தேன். குழந்தையைப் பார்க்க வந்த அக்கா, ஆணி மட்டும் மிஞ்சியிருந்த சுவரைப் பார்த்தார்.

"ஆணி நல்லா இருக்கு. துணி காயப் போடு" என்று சிரித்தார். திருப்பிக் கேட்கவே இல்லை. அந்தச் சிரிப்புக்கு நான் கடைசிவரை பதில் சொல்லவில்லை.

நேற்று அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கிருந்த பதினோரு படங்களையும் கயிற்றால் கட்டி வாசலில் வைத்திருந்தார்கள்.

"சாமிங்கள அக்காவே கடலுக்கு அனுப்பிட்டாங்க அண்ணே. இதுல மிச்சம் இருக்கறது புக்கிட் ரோத்தான்தான். அத எதுக்குக் கடல்ல போடறீங்க?"

அக்காவின் அண்ணன் படக்கட்டைப் பார்த்தார். "உன்கிட்ட இருக்கறதுல கை இருக்கே?"

"இருக்கு. தர மாட்டேன்."

அண்ணன் கயிற்றை அவிழ்க்க வெகுநேரம் ஆனது. "எல்லாத்தையும் நீயே கொண்டுபோ. நாளைக்குப் புள்ளைக்கு ஏதாச்சும்னா என்கிட்ட வந்து நிக்காத."

கொண்டுவந்தேன். இன்று காலை அதே ஆணியில் கைப் படத்தை மாட்டினேன். மகள் நாற்காலியில் ஏறி, குலைகளுக்கு நடுவே நீண்டிருக்கும் அந்தக் கையில் தன் கையைப் பட்டென்று அடித்துச் சிரித்தாள். பழக்கம் விடவில்லை, அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

சுட்டிருந்தாலும் கழற்றியிருக்க மாட்டேன், அக்கா. நிம்மதியாகப் போங்கள்.